ஒளிக்க ஒண்டுமில்லை எண்டு சொல்லாதேங்கோ

"ஒளிக்க ஒண்டுமில்லாத ஆளுக்கு என்னத்துக்குப் பாஸ்வேர்ட்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகாத இளம் ஆக்கள் தீவுப்பகுதியில் குறைவு. காதலிக்கிறவன் கேட்பான். அண்ணை கேட்பார். வெளிநாட்டில் இருந்து வந்து நிற்கிற மாமா சாப்பாட்டு மேசையில் பகிடியாகக் கேட்பார். தொனிதான் வேறு வேறு. உள்ளே கிடக்கிற குற்றச்சாட்டு ஒன்றுதான்: போனைப் பூட்டுகிறவன் கள்ளன், பூட்டுகிறவள் அதைவிடப் பெரிய கள்ளி.

இந்தக் கேள்வியை இனிமேலும் பகிடியாக எடுத்துக்கொண்டு போக எங்களுக்கு விருப்பம் இல்லை. மண்டைதீவு மாதிரி, சனம் உலகம் முழுக்கச் சிதறிப்போன ஊரில், ஒருவருடைய கணக்கு பறிபோனால் ஒரு குடும்பத்தின் ஐந்து நாட்டுக் கிளையும் சேர்ந்து பறிபோகும். அதனால் கடவுச்சொல் என்பது பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவது அத்துமீறல். அதைத் தொலைத்தவரைத் திட்டுவது கோழைத்தனம். இந்த மூன்றையும்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

முதலில் திறப்பைப் பற்றிக் கதைப்பம். பண்ணைத் தாம்போதியால் வந்து மண்டைதீவுக்குத் திரும்பினால் பூட்டிக் கிடக்கிற வீடுகளைக் காணலாம். சொந்தக்காரர் கனடாவில், பிரான்சில், சுவிசில். திறப்பு சித்தி வீட்டுச் சுவரில் தொங்கும். வளவு துப்புரவாக்க, கிணறு இறைக்க, திருவிழாவுக்கு ஆக்கள் வந்தால் திறந்துவிட அந்தத் திறப்பு வேணும். "உன்ர வீட்டில ஒளிக்க என்ன கிடக்கு, ஏன் பூட்டிப்போட்டுப் போனனீ?" எண்டு எவரும் சொந்தக்காரரிடம் கேட்டதில்லை. வீட்டைப் பூட்டுவது இயல்பு என்று எல்லாருக்கும் விளங்குது. போனைப் பூட்டினால் மட்டும் ஏன் சந்தேகம்?

வீட்டுத் திறப்புக்கும் கடவுச்சொல்லுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. திறப்பு ஒரு பொருள். யாரிடம் இருக்கெண்டு தெரியும், வேண்டாமெண்டால் திருப்பி வாங்கலாம். கடவுச்சொல் ஒருக்கால் இன்னொருவர் காதில் விழுந்தால் திருப்பி வாங்கேலாது. அவர் அதை எத்தனை பேருக்குச் சொன்னார் எண்டும் தெரியாது. பூட்டையே மாத்த வேணும். சித்தியிடம் திறப்புக் குடுக்கிறதையும் காதலனிடம் பாஸ்வேர்ட் குடுக்கிறதையும் ஒன்றாகப் பார்க்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை யோசிக்கவே இல்லை.

"ஒளிக்க ஒண்டுமில்லை" என்ற வசனத்தை எங்கட ஊரில் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்ற தலைமுறை எங்கட பெற்றோருடையது. 1990 ஓகஸ்டில் இராணுவம் மண்டைதீவைப் பிடித்தபோது கொண்டுபோகப்பட்ட ஆக்களில் பலர் இன்றுவரை திரும்பி வரவில்லை. அவர்களிடம் ஒளிக்க என்ன இருந்தது? ஒன்றும் இல்லாதவர்களும் போனார்கள். ஒரு ஆளைப் பற்றிய தகவல் எப்போது, யார் கையில், எதற்கான சாட்சியாக மாறும் என்பது அந்த ஆளின் நேர்மையில் தங்கியிருக்கவில்லை என்பதை இந்த ஊர் விலை குடுத்துப் படித்தது. அப்படிப் படித்த ஊர், பிள்ளைகளின் போனுக்கு மட்டும் அதை மறந்து போகக் கூடாது.

இன்றைக்கு அந்தப் போனுக்குள் என்ன இருக்கு எண்டு பாருங்கோ. காணாமல் போன பெரியப்பாவின் மங்கிப்போன படத்தை யாரோ ஒருவர் பிரதி எடுத்துப் போட்ட பேஸ்புக் அல்பம். காணி உறுதியின் படம். இறந்தவரின் குரல் பதிவு. கனடாவில் பிறந்த பேரப்பிள்ளையின் முதல் நடை. இடம்பெயர்வில் அல்பங்களையும் பெட்டகங்களையும் தொலைத்த குடும்பங்கள் இப்போது தங்கள் சேமிப்பு முழுவதையும் ஒரு ஜீமெயில் கணக்கில் வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கின் பூட்டு, பல வீடுகளில், கைபேசி இலக்கம். அல்லது மூத்த மகளின் பெயரும் 123உம்.

இதுக்கு அம்மாவைத் திட்டுவதுதான் எங்கட தலைமுறையின் பழக்கம். "உங்களுக்கு ஒண்டும் விளங்காது, ஏன் போனை நோண்டுறீங்கள்?" இந்தப் பழக்கத்தை நாங்கள் எதிர்க்கிறோம். அந்தக் கணக்கு எப்படித் திறக்கப்பட்டது எண்டு ஒருக்கால் யோசியுங்கோ. புதுப் போன் வாங்கினவுடன் அம்மா கொமினிகேசனுக்குப் போகிறார். கடைத் தம்பி ஐந்து நிமிடத்தில் ஜீமெயில், பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் போட்டுக் குடுக்கிறார். கடவுச்சொல்லை அவரே தீர்மானிக்கிறார், கெதியில் முடிய வேணும் எண்டு போன் இலக்கத்தையே போடுகிறார். பல நேரம் மீட்பு மின்னஞ்சலாகத் தன்னுடையதையே குடுக்கிறார். அவர் கள்ளன் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு ஊரின் கணக்குகளுக்கெல்லாம் பின்கதவு ஒரே கடையில் இருக்கிறது என்றால், அந்தக் கடைக் கணினியில் ஒரு வைரஸ் ஏறினால் காணும்.

வட்ஸ்அப் களவு எப்படி நடக்குது எண்டும் பார்ப்பம். தெரிந்த ஆளின் பெயரில் ஒரு செய்தி வரும்: "அக்கா, எனக்கு வரவேண்டிய ஒரு நம்பர் தவறி உங்களுக்கு வந்திட்டுது, ஒருக்கால் அனுப்பி விடுங்கோ." அந்தத் தெரிந்த ஆளின் கணக்கு முதலே களவு போயிருக்கும். வந்திருக்கிற ஆறு இலக்க நம்பர், அக்காவின் சொந்த வட்ஸ்அப்பை இன்னொரு போனில் பதிவதற்கு வட்ஸ்அப் அனுப்பினது. அவ அனுப்பின அடுத்த நிமிடம் அவவின் கணக்கு கள்ளன் கையில். அதற்குப் பிறகு ரொறன்ரோவில் இருக்கிற தம்பிக்கு அக்காவின் படத்தோடு ஒரு செய்தி போகும்: "அவசரமா கொஞ்சக் காசு தேவைப்படுது, இந்தக் கணக்குக்குப் போட்டு விடேலுமோ?" தம்பி போடுவார். காரணம் கேட்க மாட்டார். அவசரம் எண்டால் காரணம் கேட்காமல் காசு அனுப்புகிற பழக்கத்தில்தான் முப்பது வருசமாக இந்தத் தீவுகள் உயிர் வாழ்ந்தன.

கவனியுங்கோ, இதில் அக்காவின் முட்டாள்தனம் எங்கே இருக்கு? தெரிந்தவர் உதவி கேட்டார், செய்தா. எச்சரிக்கை வந்தது உண்மைதான். போன் ஆங்கிலத்தில் இருக்கிறதால் அதுவும் ஆங்கிலத்தில் வந்தது. கள்ளன் திருடுகிறது தொழில்நுட்ப அறியாமையை விட, எங்கட சனம் ஒருவரில் ஒருவர் வைத்திருக்கிற நம்பிக்கையை. அதைத் திட்டித் திருத்தேலாது.

அடையாள அட்டைக் கதை இதைவிட மோசம். மின்னஞ்சலில் வருகிற அறிக்கைகளையும் படிவங்களையும் அடையாள அட்டை இலக்கத்தால் பூட்டி அனுப்புகிற வழக்கம் இந்த நாட்டில் இருக்கு. அதைப் பார்த்துப் பழகின சனம் தங்கட கணக்குகளுக்கும் அதையே போடுகிறது. அந்த இலக்கத்தில் என்ன இரகசியம் இருக்கு? புதிய 12 இலக்க அட்டையில் முதல் நாலும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது; பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். பிறந்தநாள் வாழ்த்து பேஸ்புக்கில் கிடக்கும், பிறந்த வருடம் வகுப்புத் தோழர்களுக்குத் தெரியும். மிச்சம் ஐந்து இலக்கம். எப்படிப் போட்டாலும் ஒரு இலட்சம் சேர்க்கைக்கு மேல் வராது. பூட்டிய கோப்பு கையில் இருந்தால் ஒரு சாதாரண மடிக்கணினி அதைத் தேநீர் ஆறமுதல் முடித்துவிடும். கணினியும் தேவையில்லை, எங்கள் எல்லாருடைய அட்டைப் பிரதியும் ஊரில் உள்ள ஒவ்வொரு போட்டோக்கொப்பிக் கடையிலும் எப்போதாவது தங்கியிருக்கு.

சரி, "கவனமாக இருங்கள்" எண்டு எங்களுக்கு அறிவுரை சொல்லுகிற அரசாங்கம் எப்படி இருக்கு? 2023 ஓகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் எனப்படும் அரச மேகக் கணினிச் சேவை கப்பம் கேட்கிற வைரஸ் தாக்குதலில் விழுந்தது. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. கிட்டத்தட்ட 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளோ 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. 2024 டிசம்பர் கடைசியில் இலங்கைப் பொலிஸின் யூடியூப் சனல் களவுபோனது. அதே நாட்களில் அரசாங்க அச்சகத்தின் இணையத்தளமும் தாக்கப்பட்டது. எங்கட அம்மா ஆறு இலக்க நம்பர் அனுப்பினால் "படிப்பறிவில்லை." திணைக்களங்கள் மூன்று மாத மின்னஞ்சலைத் தொலைத்தால் "தொழில்நுட்பக் கோளாறு." இந்த இரட்டை அளவுகோலை நாங்கள் ஏற்கவில்லை.

சட்டங்களையும் பாருங்கோ. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. எங்கட தகவலை வைத்திருக்கிற நிறுவனங்களைக் கட்டுப்படுத்த வேண்டிய சட்டம் அது. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருகிற திகதி 2025 இல் பின்தள்ளிப் போடப்பட்டது. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 இல், தற்செயலாக அதுவும் 9 ஆம் இலக்கம், நாங்கள் என்ன எழுதலாம் என்பதைக் கட்டுப்படுத்த வந்தது. எதிர்ப்புகளுக்கு நடுவிலும் பாராளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகரின் கையொப்பம் விழுந்தது. எங்கட வாயைப் பூட்டுகிற சட்டத்துக்கு இருந்த அவசரம் எங்கட தரவைப் பூட்டுகிற சட்டத்துக்கு இருக்கவில்லை. ஆகவே எங்களை நாங்கள்தான் பார்க்க வேணும்.

இப்ப காதலுக்கு வருவம். எங்கட கலைப்பீடத்திலும் இதைப் பெருமையாகச் சொல்லுகிற ஆக்கள் இருக்கினம்: "எங்களுக்குள்ள ஒளிவுமறைவு இல்லை, ரெண்டு பேரிட்டையும் ரெண்டு பேரின்ர பாஸ்வேர்டும் இருக்கு." கேட்க வடிவாகத்தான் இருக்கு. பெரும்பாலும் யார் யாருடைய போனைப் பார்க்கிறார் எண்டு எண்ணிப் பாருங்கோ, காதல் எந்தப் பக்கம் சரிந்து நிற்குது எண்டு தெரியும். ஒரு பெட்டையின் கணக்கைத் திறக்கிறவன் அவளை மட்டும் பார்க்கவில்லை. அவளை நம்பித் தன்ர வீட்டுப் பிரச்சினையை எழுதின சிநேகிதியையும் பார்க்கிறான். அந்தச் சிநேகிதி அவனுக்குச் சம்மதம் குடுக்கவில்லை. உறவு முறிந்த பிறகு படங்களை வைத்து மிரட்டுகிற கதைகளில் பல இந்த "நம்பிக்கை"யில்தான் தொடங்குகின்றன.

பாஸ்வேர்ட் கேட்காமலும் இது நடக்கும். ஒருவரின் போனை ஒரு நிமிடம் கையில் எடுத்து, வட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியால் தன்ர கணினியோடு இணைத்துவிட்டால், அதற்குப் பிறகு வருகிற செய்திகள் அங்கேயும் விழும். இந்தக் கட்டுரையை வாசித்து முடித்தவுடன் அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கோ. தெரியாத சாதனம் இருந்தால் அதில் தொட்டு வெளியேற்றி விடுங்கோ. ஆனால் கேட்டுச் சண்டை பிடிக்கிற ஆளோடு வாழுகிறவர்கள் முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ. பூட்டை மாத்தின நாள்தான் சில வீடுகளில் ஆபத்தான நாள்.

அடுத்தது, "பலமான கடவுச்சொல்" எண்டு எங்களுக்குப் படிப்பிக்கப்பட்ட பொய். பெரிய எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று, குறியீடு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மாத்து. இந்த விதிகளுக்கு அடித்தளம் போட்டது அமெரிக்கத் தரநிலை நிறுவனம் ஒன்றில் பில் பர் என்பவர் 2003 இல் எழுதிய கையேடு. ஓய்வு பெற்ற பிறகு, 2017 இல், அதில் பெரும்பகுதிக்கு அவரே வருத்தம் தெரிவித்தார். அதே நிறுவனம் அந்த ஆண்டு விதிகளையும் திருத்தியது: நீளம் முக்கியம், காரணமில்லாமல் அடிக்கடி மாத்தச் சொல்லாதே. ஏனென்றால் மாத்தச் சொன்னால் மனிதர் செய்வது கடைசியில் இருக்கிற 1 ஐ 2 ஆக்குவதுதான். அது கள்ளனுக்கும் தெரியும். ஆனாலும் எங்கட நாட்டில் பல தளங்கள் இன்னமும் 2003 இல்தான் நிற்கின்றன.

கணக்கைப் பாருங்கோ. 07 இல் தொடங்குகிற கைபேசி இலக்கத்தில் மிச்சம் எட்டு இலக்கம். ஆகக் கூடியது பத்துக் கோடி சேர்க்கை. எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்தால் ஏறத்தாழ 20,900 கோடி. ஆர்னோல்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995 இல் சொன்ன பகடை முறையில் 7,776 சொற்கள் உள்ள பட்டியலில் இருந்து நாலு சொல்லைப் பகடை உருட்டி எடுத்தால் 36 கோடி கோடிக்கு மேல். ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் அது இன்னும் 7,776 மடங்கு. பகடையும் பட்டியலும் இல்லையெண்டால் ஒரு தடித்த அகராதியைக் கண்ணை மூடித் திறந்து விரல் வையுங்கோ: ஒடியல், குடை, வெள்ளி, பம்பரம், தச்சன். இதை ஆங்கில எழுத்தில் தட்டினால் நீளமும் காணும், அம்மம்மாவுக்கும் நினைவில் நிற்கும். ஒரே நிபந்தனை: சொற்களை நீங்கள் தெரியக் கூடாது, தற்செயல் தெரிய வேணும். திருக்குறள், பாட்டு வரி, பழமொழி, விருப்பமான நடிகரின் பெயர் எல்லாம் கள்ளனின் பட்டியலிலும் இருக்கு. மேலே எழுதின ஐந்தையும் இனி ஒருவரும் பாவிக்காதேங்கோ, அச்சில் வந்திட்டுது.

ஆனால் எவ்வளவு பலமாக இருந்தாலும், ஒரே கடவுச்சொல்லை எல்லா இடமும் போட்டால் பிரயோசனம் இல்லை. 2009 இல் ரொக்யூ என்ற நிறுவனத்தில் இருந்து 3 கோடி 20 இலட்சம் கடவுச்சொற்கள் மறைகுறியாக்கம் கூட இல்லாமல் வெளியே வந்தன. அதில் முதலிடம் பிடித்தது 123456. அந்தப் பட்டியல் இன்றும் கள்ளரின் பாடப்புத்தகம். எங்கேயோ ஒரு விளையாட்டுத் தளத்தில் கசிந்த மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் எடுத்து, அதே சோடியை ஜீமெயிலிலும் பேஸ்புக்கிலும் இயந்திரம் போட்டுப் பார்க்கும். உங்களை யாரும் குறிவைக்கத் தேவையில்லை. வலையில் விழுகிற மீனை மீனவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஆகவே எங்கட வயது ஆக்களுக்கு ஒரு வேலை இருக்கு. இந்தக் கிழமை வீட்டில் அம்மாவோடு, அம்மம்மாவோடு அரை மணித்தியாலம் இருங்கோ. திட்டக் கூடாது, அவர்களின் கையால் செய்விக்க வேணும். முதலில் மின்னஞ்சல்: மற்ற எல்லாக் கணக்கின் "மறந்துவிட்டேன்" கடிதமும் அங்கேதான் வரும், அதனால் அதுக்குத் தனி நீளமான கடவுச்சொல். மீட்பு மின்னஞ்சலும் மீட்பு இலக்கமும் யாருடையது எண்டு பாருங்கோ. கடைக்காரருடையது என்றால் மாத்துங்கோ. சிம் யாருடைய பெயரில் இருக்கெண்டும் கேளுங்கோ. வெளிநாடு போன அண்ணையின் அடையாள அட்டையில் எடுத்த சிம்மில் பல வீடுகள் ஓடுகின்றன. அது தொலைந்தால் புது சிம் எடுக்க அண்ணைதான் வர வேணும். பாவிக்காமல் விட்ட இலக்கம் சில காலத்தில் இன்னொருவருக்குப் போகும், அதோடு உங்கட மீட்பு நம்பரும் அவருக்குப் போகும்.

பிறகு வட்ஸ்அப் அமைப்புகளில், கணக்குப் பகுதியில், இரண்டு படிச் சரிபார்ப்பு. அதில் ஒரு ஆறு இலக்கப் பின் போட்டால், நம்பர் கேட்டு வாங்கின கள்ளனும் உள்ளே வர மாட்டான். ஏற்கெனவே பறிபோயிருந்தால் பயப்படாமல் உடனே அதே சிம்மில் திரும்பப் பதியுங்கோ. எஸ்எம்எஸ்ஸில் வருகிற நம்பரைப் போட்டவுடன் கள்ளன் வெளியேற்றப்படுவான். அவன் தனக்கொரு பின் போட்டிருந்தால் நீங்கள் ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும், ஆனால் அந்த ஏழு நாளும் அவனாலும் உள்ளே இருக்கேலாது. அதற்கிடையில் குடும்பத்தில் எல்லாருக்கும் தொலைபேசியில், குரலில் சொல்லுங்கோ. முறைப்பாட்டுக்கு ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கம் இருக்கு.

கடவுச்சொல்லை எழுதி வைக்கக் கூடாதெண்டு சொல்லுவினம். எங்கட கருத்து வேறு. அலுமாரிக்குள் இருக்கிற கொப்பியை வெளிநாட்டுக் கள்ளனால் திறக்க ஏலாது. வயது போன ஆக்களுக்கு அந்தக் கொப்பி, எல்லா இடமும் ஒரே 123 ஐ விட ஆயிரம் மடங்கு நல்லது. ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் கொப்பி சரிவராது. அவர்களுக்குப் பிட்வோர்டன் மாதிரி இலவசக் கடவுச்சொல் பெட்டகங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு நீளமான சொற்றொடரை மனதில் வைத்தால் காணும்.

குடும்பத்துக்குள் இன்னொரு வழக்கத்தையும் தொடங்குங்கோ. காசு கேட்டு எந்தச் செய்தி வந்தாலும், எவ்வளவு அவசரம் எண்டாலும், ஒரு அழைப்பு எடுக்காமல் அனுப்புவதில்லை. அழைப்பில் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வி. மாட்டுக்கு என்ன பெயர் வைத்திருந்தனாங்கள், கிணத்தடியில் என்ன மரம் நிண்டது. பேஸ்புக்கில் இல்லாத எங்கட ஊர் ஞாபகம் அங்கே பாதுகாப்பாக நிற்கட்டும்.

இனி யாரும் "ஒளிக்க என்ன இருக்கு?" எண்டு கேட்டால் தலையைக் குனியாதேங்கோ. இருக்கு எண்டு சொல்லுங்கோ. எங்களை நம்பி எழுதின ஆக்கள் இருக்கினம், எங்களை நம்பிக் காசு அனுப்புகிற ஆக்கள் இருக்கினம், திரும்பி வராத ஆக்களின் படங்கள் இருக்கு. பிறகு கையை நீட்டி, உங்கட போனைத் திருப்பி வாங்குங்கோ.